35 வயதில் பாரிசவாதமா? அண்ணாவுக்கு வந்திருக்கிறது

கொக்குவிலான்:
அண்ணாவுக்கு 35 வயது. மெலிந்த ஆள், சிகரெட் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. போன கிழமை கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பேனை கையிலிருந்து நழுவியது, கதை குழறியது. பித்தம் என்று அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். அது கடைவாயால் வழிந்த பிறகுதான் ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இப்போது வார்டில். வலது கை மெல்ல அசைகிறது.

இரண்டு வருடத்துக்கு முதல் வெளிநாடு போக மெடிக்கல் எடுத்தபோது பிரஷர் 160/100 இருந்தது. ஊசியைக் கண்ட பயத்தில் ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். அதுதானா காரணம்? எனக்கு 31. நானும் பார்க்க வேண்டுமா?

ஆனைக்கோட்டை அண்ணை:
தம்பி, எனக்கு வந்தது 38இல். தலைமயிர் வெட்டப் போன இடத்தில், வழக்கம்போலக் கழுத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் நெட்டி முறித்துவிட்டார்கள். சுகமாகத்தான் இருந்தது! அன்றிரவே பிடரியில் ஒரு புது வலி. தைலம் பூசிக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். நாலாம் நாள் விடிய எழும்பினால் வீடு சுற்றுகிறது, ஆட்கள் இரண்டிரண்டாகத் தெரிகிறார்கள்.

ஸ்கானில் கழுத்து நாடியின் உட்சுவர் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போயிருக்கிறது. இளம் ஆட்களில் இது ஒரு முக்கிய காரணமாம். நெட்டி முறித்ததால்தான் என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் இனி அந்த வேலை வேண்டாம் என்றார். இப்போது கதிரையில் இருக்கும்போதே சொல்லிவிடுவேன், மயிரை மட்டும் வெட்டு என்று.

பிரஷரைப் பார், தம்பி. அது நோகாது, அதுதான் அதன் கள்ளத்தனம்.

வார்டு அக்கா:
அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆனால் வாய் கோணினால் தண்ணீர்கூடப் பருக்கக்கூடாது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கான்தான் சொல்லும். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான். எண்ணெய் வைக்கப் பரியாரியாரிடம் போய்விட்டு ஆறாம் மணித்தியாலத்தில் வருபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

160/100 பெரிய காரணமாக இருக்கலாம். அதோடு விடமாட்டார்கள், இதயத்தையும் பார்ப்பார்கள். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருக்கலாம். கருவில் இருக்கும்போது இதயத்தில் திறந்திருக்கும் சின்ன வழி நாலு பேரில் ஒருவருக்கு மூடுவதே இல்லை. பெரும்பாலும் அதனால் கரைச்சல் இல்லை, சிலருக்கு அதனூடாக இரத்தக்கட்டி தாண்டி மூளைக்குப் போய்விடும்.

பெண்களுக்கும் ஒரு சொல். கண்முன் நெளிநெளியாக வெளிச்சம் மின்னித் தலையிடி வருபவர்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ள குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்க முதல் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பக் கரு கலைந்தவர்களுக்கு இரத்தம் உறையும் தன்மை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கொக்குவிலான்:
நன்றி அக்கா, அண்ணை. பின்னேரம் பாமசியில் பார்த்தேன், 148/96. பத்து நிமிடம் இருக்கவைத்துத் திரும்பப் பார்த்தார்கள், 146. திங்கள் கிளினிக்குக்குப் போகிறேன். அண்ணாவுக்கு வியாழன் எக்கோ, இதய ஸ்கான். அம்மா இன்னும் தேசிக்காயைப் பற்றித்தான் அழுகிறார்.