ஃப்ளூ ஊசி என்றால் நர்ஸ்களே ஒதுங்குகிறார்கள், உங்கள் ஆஸ்பத்திரியில் எப்படி?

கொங்குசெவிலி:

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்ஃபெக்‌ஷன் கண்ட்ரோல் நர்ஸாக இருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் ஊழியர்கள் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி இலவசம் என்று நிர்வாகம் இந்த வருடம் அறிவித்தது. வெளியே போட்டால் ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் என்று ஆகிற ஊசி. சர்க்குலர் ஒட்டினோம், வாட்ஸப் குரூப்பில் போட்டோம், கான்ஃபரன்ஸ் ஹாலில் மேஜை போட்டு ஐஸ் பாக்ஸோடு உட்கார்ந்தோம். வந்தவர்கள் பாதிகூட இல்லை. பில்லிங், பார்மசி, லேப் ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் வர வேண்டிய ஐசியு, டயாலிசிஸ், கேஷுவல்டி சிஸ்டர்கள்தான் வரவில்லை.

கேட்டால் ஆளுக்கொரு பதில். "போன தடவை போட்ட பிறகுதான் எனக்குக் காய்ச்சலே வந்தது." "இத்தனை வருஷமா இருமுற பேஷண்ட் மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன், எனக்கெல்லாம் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்." "இப்பதான் கல்யாணம் ஆச்சு, வேண்டாம் சிஸ்டர்." டாக்டர் ஒருவரே "சாதாரண சளிக்கு எதுக்கு ஊசி, வந்தா டாமிஃப்ளூ மாத்திரை இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் நின்ற இரண்டு ஜூனியர் பெண்கள் அதைக் கேட்டுவிட்டு அப்படியே வார்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதே ஆட்கள் ஹெபடைடிஸ் பி ஊசியை மூன்று டோஸும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள், அதனால் தடுப்பூசியே பிடிக்காதவர்கள் என்று சொல்ல முடியாது. நோயாளிக்குப் போட்ட ஊசி தன் விரலில் குத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு நிஜம். ஃப்ளூவில் அந்தப் பயம் இல்லை, வந்தால் நாலு நாள் படுத்து எழுந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

என்னை உறுத்துவது டயாலிசிஸ் யூனிட்தான். ஒவ்வொரு நோயாளியும் வாரத்துக்கு மூன்று முறை வந்து நாலு மணி நேரம் அதே சிஸ்டர்கள் கையில் இருக்கிறார். அவருக்கு ஃப்ளூ வந்தால் நம்மைப் போல நாலு நாளில் தீராது, நிமோனியா வரை போகும். போன மாதம் ஒரு சிஸ்டர் மாஸ்க்குக்குள்ளேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குனிந்து ஒரு பெரியவருடைய ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் செய்துவைத்த ரத்தக்குழாய் இணைப்பு) ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். ஏன் வந்தீர்கள் என்றால், லீவு கேட்டால் ஆள் இல்லை என்பார்கள், எதற்குக் கேட்பானேன் என்கிறார்.

கட்டாயம் ஆக்கிவிடலாம் என்று குவாலிட்டி மேனேஜர் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மற்ற இடங்களில் என்ன செய்கிறீர்கள்?

நைட்டியூட்டி_அக்கா:

சிஸ்டர், போடாதவர்களில் நானும் ஒருத்தி, அதனால் நேராகவே சொல்கிறேன்.

உங்கள் மேஜை எத்தனை மணிக்கு இருந்தது? எங்கள் இடத்தில் காலை பதினோரு மணிக்கு வைத்தார்கள், ரவுண்ட்ஸ் நடக்கிற நேரம். நைட் முடித்தவள் எட்டு மணிக்கே ஹேண்டோவர் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள். ஐசியுவில் வென்டிலேட்டர் பேஷண்ட் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று பேப்பரில் இருக்கும், நடப்பில் இரண்டு பேரைப் பார்க்கிறோம், அவர்களை விட்டுவிட்டு மூன்றாவது மாடிக்கு யார் ஏறி வருவது? பில்லிங் ஆட்கள் வந்தார்கள் என்றால் அவர்களால் நாற்காலியை விட்டு எழுந்து வர முடியும், அவ்வளவுதான்.

அடுத்து லீவு. 2021 ஜனவரியில் கொரோனா ஊசி வந்தபோது முதல் வரிசையில் நிறுத்தியது எங்களைத்தான். போட்ட மறுநாள் உடம்பை முறித்துப் போட்டது, எழுந்திருக்கவே முடியவில்லை. லீவு எடுத்தேன், சம்பளத்தில் பிடித்தார்கள். ஊசி போடு என்று சொன்னதும் அவர்கள், காய்ச்சலுக்குப் பிடித்தம் செய்ததும் அவர்கள். அதற்கு முந்தின வருடம் என்95 மாஸ்க்கைக் கவரில் போட்டு வைத்துத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னதும் அதே நிர்வாகம்தான். இப்போது திடீரென்று "உங்கள் நலனுக்காக" என்று சர்க்குலர் வந்தால் நாங்கள் என்ன நினைப்போம்? மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தருகிற என்ஏபிஹெச்சின் ஆடிட் வருகிறது, ஃபைலில் சதவீதம் காட்ட வேண்டும், அதற்குத்தான் என்று டியூட்டி ரூமில் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். கையெழுத்து வாங்குகிற படிவத்தில் "பின்விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பாகாது" என்று ஒரு வரி வேறு.

எங்களுக்கு விஷயம் தெரியாது, ஒரு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். டயாலிசிஸ் பற்றி நீங்கள் எழுதியது மனதில் தைத்தது, அதை மறுக்கவில்லை.

மதுரை_மைக்ரோ:

அக்கா சொன்ன லீவும் நேரமும் எங்கள் இடத்திலும் அப்படித்தான். ஆனால் இந்த இழையில் வந்த சில நம்பிக்கைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும், நான் மைக்ரோபயாலஜி படித்தவன்.

கையில் போடுகிற ஃப்ளூ ஊசியில் செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள்தான் இருக்கின்றன, அதனால் ஃப்ளூ வர வழியே இல்லை. கை வலி, ஒன்றிரண்டு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம். பிறகு ஏன் "போட்டதும் வந்தது"? எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். நாம் அக்டோபர் மழையில், சுற்றிலும் எல்லோரும் இருமுகிற நேரத்தில் போடுகிறோம், அந்த இடைவெளியில் வேறு ஏதாவது சளிக் காய்ச்சல் வந்தால் பழி ஊசி மேல். சென்னைப் பக்கம் ஃப்ளூ அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு ஏறும். காஷ்மீரில் ஜனவரி முதல் மார்ச் வரை, டெல்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழையில். ஆகவே நம் பக்கம் செப்டம்பருக்குள் போட்டு முடிப்பது நல்லது.

"எனக்கு வந்ததே இல்லை" என்பவர்களுக்கு ஒரு ஆய்வு. 1993-94 குளிர்காலத்தில் கிளாஸ்கோ நகர மருத்துவமனைகளில் ஐநூறுக்குச் சற்று மேற்பட்ட ஊழியர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 23 சதவீதம் பேருக்கு அந்தப் பருவத்தில் ஃப்ளூ வந்துபோன அடையாளம் இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தனக்கு ஃப்ளூ வந்ததே நினைவில் இல்லை, கால்வாசிப் பேருக்கு மேல் ஒரு சளிகூடப் பிடித்ததாகச் சொல்லவில்லை. அதாவது, ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் டியூட்டிக்கு வந்திருக்கிறார்கள். அறிகுறி தெரிய ஒரு நாள் முன்னாலேயே வைரஸ் வெளியே வர ஆரம்பித்துவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புதுக் கல்யாணம் ஆனவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: 2012ல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூ ஊசிக்கு முதல் முன்னுரிமை கொடுத்ததே கர்ப்பிணிகளுக்குத்தான். உயிருள்ள வைரஸ் உள்ள மூக்கு ஸ்ப்ரே மட்டும் அவர்களுக்குக் கூடாது.

கூட்டிச் சொல்லவும் கூடாது. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்துகிற வருடத்திலேயே பலன் 40 முதல் 60 சதவீதம்தான். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். ஊழியர்கள் போட்டுக்கொண்டால் நோயாளிகளின் சாவு எவ்வளவு குறையும் என்பதிலும் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. ஸ்காட்லாந்து முதியோர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2000ல் வெளிவந்தது, ஊசியை ஏற்பாடு செய்து கொடுத்த இடங்களில் சாவு 13.6 சதவீதம், மற்ற இடங்களில் 22.4. அந்த அளவு வித்தியாசத்தை ஊசி ஒன்றே தந்திருக்காது என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இதை நாமே நர்ஸ்களிடம் சொல்லிவிட வேண்டும். நூறு சதவீதம் என்று சொல்லிப் போட்டுவிட்டு ஒருத்திக்கு ஃப்ளூ வந்தால் அடுத்த வருடம் அந்த வார்டே வராது.

அந்த டாமிஃப்ளூ டாக்டரிடம் சிஸ்டர் பேசுவதைவிட மெடிக்கல் சூப்பரிண்டெண்ட் தனியாகப் பேசட்டும். மூத்தவர்கள் முதல் நாளே எல்லோரும் பார்க்க வார்டில் நின்று போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்காக:

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. அப்பாவுக்கு சிறுநீரக மாற்று ஆபரேஷன் ஆகி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை தினமும் சாப்பிடுகிறார். அவருக்கு ஊசி போட்டாலும் மற்றவர்கள் அளவுக்குப் பிடிக்காது என்று டாக்டரே சொன்னார். நாங்கள் வீட்டில் அத்தனை பேரும் போட்டுக்கொண்டோம், வேலைக்கு வரும் அம்மாவுக்கும் நாங்களே பணம் கட்டிப் போட்டோம். அப்புறம் செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் எடுக்க வருகிறவர் இருமுகிறார். சொந்த விருப்பம் என்று சொல்கிறீர்கள், சரி, அப்பாவுக்கு வேறு நர்ஸ் வேண்டும் என்று கேட்கிற விருப்பம் எங்களுக்கு இருக்கிறதா? கோபமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆனால் கட்டாயம் ஆக்குவதில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவில்லை.

லெஸ்டர்_சுதா:

தம்பி, உங்கள் கோபம் நியாயம். நான் இங்கிலாந்தில் என்எச்எஸ் (அரசுப் பொது மருத்துவ சேவை) வார்டு ஒன்றில் நர்ஸ். இங்கே முதியோர் இல்லங்களில் கொரோனா ஊசியை 2021 நவம்பரில் கட்டாயமாக்கினார்கள், ஆட்கள் வேலையை விட்டுப் போனார்கள். மருத்துவமனைகளுக்கும் 2022 ஏப்ரல் முதல் என்று அறிவித்தார்கள், அமலுக்கு வரும் முன்பே கைவிட்டார்கள், மார்ச்சில் முதியோர் இல்லச் சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கசப்பு ஃப்ளூ ஊசி மேலும் இறங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன். 2020-21 குளிர்காலத்தில் இங்கிலாந்து ஊழியர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் ஃப்ளூ ஊசி போட்டார்கள், 2023-24ல் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஊசி இலவசம்தான், அப்படியும்.

வேலை செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு வார்டிலும் எங்களில் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து ஊசி போட வைப்பார்கள். எங்கள் வார்டில் அது ஒரு பிலிப்பினோ அக்கா. ராத்திரி இரண்டு மணிக்கு டீ குடிக்கிற நேரத்தில் சின்ன கூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு வருவார். ஏன் வேண்டாம் என்று கேட்பார், முழுக்கக் கேட்பார், குறுக்கே பேச மாட்டார். ஊசியே பயம் என்று இரண்டு வருடம் தட்டிக் கழித்த ஒருத்தி அவரிடம்தான் கையை நீட்டினாள். மேலதிகாரி மெயில் அனுப்பி அது நடந்திருக்காது.

மதுரை_மைக்ரோ:

கட்டாயம் பற்றி ஒரு வார்த்தை. பலன் கிடைத்த இடமும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2005ல் கட்டாயமாக்கியது, ஒரே வருடத்தில் 54 சதவீதத்திலிருந்து 97க்கு மேல் போனது. நர்ஸ்கள் சங்கம் எதிர்த்து ஜெயித்து விலக்கு வாங்கியது, போடாதவர்கள் மாஸ்க் போட வேண்டும் என்றானது. கனடாவின் ஒன்டாரியோவில் "ஊசி அல்லது மாஸ்க்" என்ற விதியையே 2015லும் 2018லும் தொழில் தகராறு நடுவர்கள் ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டார்கள். என் கருத்து, லீவையும் நேரத்தையும் சரிசெய்யாத ஒரு நிர்வாகத்துக்குக் கட்டாயம் என்ற அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. முதலில் அதைச் செய்யட்டும். டயாலிசிஸ், மாற்று ஆபரேஷன் வார்டு, பச்சிளம் குழந்தைகள் ஐசியு, இந்த மூன்றுக்கு மட்டும் தனி விதி பற்றி அப்புறம் பேசலாம், நான்கூட ஆதரிப்பேன்.

வார்டு_சூப்பர்வைசர்:

எல்லோரும் நர்ஸ், டாக்டர் என்றே பேசுகிறீர்கள். சளித் துணியை அள்ளுகிறவர்கள், பெட்பேன் எடுக்கிற ஆயாம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற தம்பிகள், இவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட். எங்கள் இடத்தில் இலவச ஊசி "ரோலில் உள்ளவர்களுக்கு" மட்டும். ஆயாம்மா ஒருவர் கேட்டார், கம்பெனியைக் கேளு என்றார்கள், கம்பெனி ஆஸ்பத்திரியைக் கேளு என்றது. கேட்டவருக்கே கிடைக்கவில்லை. டயாலிசிஸ் பெட்டைத் துடைக்கிறவர் அந்தப் பெரியவர் பக்கத்தில் நிற்கிற நேரமும் குறைவில்லை.

கொங்குசெவிலி:

எல்லோருக்கும் நன்றி. கான்ட்ராக்ட் ஆட்கள் எங்கள் பட்டியலிலும் இல்லை, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஊசி மிச்சம் இருக்கிறது, ஃபிரிட்ஜில் வைத்துக் காலாவதியாக விடுவதற்குப் பதில் அவர்களுக்குப் போடலாம் என்று நாளைக்கே எழுதிக் கேட்கிறேன். டயாலிசிஸ் யூனிட்டிலேயே ஒரு சிஸ்டருக்குப் பெட்டியைக் கொடுத்து, ஹேண்டோவர் நேரத்திலும் ராத்திரியிலும் போட வைக்கப் போகிறேன். படிவத்தில் அந்தப் பொறுப்பாகாது வரியை எடுக்கவும், மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு தரவும் எச்ஆரிடம் கேட்க வேண்டும். லீவு விஷயத்தில் எந்தத் தனியார் மருத்துவமனையாவது எழுத்தில் கொடுத்திருக்கிறதா? இருந்தால் வாசகத்தை மட்டும் இங்கே போடுங்கள், மருத்துவமனைப் பெயர் வேண்டாம். கையில் ஒரு மாதிரி இருந்தால்தான் எங்கள் எச்ஆர் அசைவார்.