ட்ரேஸ் காட்டுறது ஒரே அழைப்பு, மீதி அஞ்சு எங்க?

லாஸ்பேட்டை_வாசி:
நேத்து இங்க ஒருத்தர் "லிஸ்ப் மொழி புரோகிராம்ல பிழை தேட ட்ரேஸ் போதும், பிரின்ட் போடுறவன் கத்துக்குட்டி"ன்னு எழுதியிருந்தார். ட்ரேஸ்னா ஒரு ஃபங்ஷனுக்கு வர்ற அழைப்பையும் அது திருப்பிக் குடுக்கற மதிப்பையும் காட்டுற கட்டளை. எஸ்பிசிஎல்ங்கற காமன் லிஸ்ப் கம்பைலர்ல, தன்னைத் தானே கூப்பிடுற ஃபேக்டோரியல் ஃபங்ஷன் (5னா 5×4×3×2×1) எழுதி ட்ரேஸ் போட்டு 5 குடுத்தேன். 5லேருந்து 0 வரைக்கும் ஆறு அழைப்பு வரணும். வந்தது ஒண்ணு. ஃபங்ஷனுக்குள்ளயே திரையில எழுதுற பிரின்ட் போட்டேன், ஆறும் வந்துச்சு. ட்ரேஸ் பொய் சொல்லுது.

மஞ்சக்குப்பம்_பழசு:
எழுதினது நான்தான், பேரச் சொல்லியே கேளுங்க தம்பி. ஃபைல் தலையில ஸ்பீட் 3, அதாவது வேகம்தான் முக்கியம்னு கம்பைலருக்குச் சொல்ற வரி, போட்டிருக்கீங்களா?

லாஸ்பேட்டை_வாசி:
போட்டிருக்கேன். அழைப்பு நடந்துச்சா இல்லையா?

மஞ்சக்குப்பம்_பழசு:
நடந்துச்சு, ஆனா பேர் வழியா நடக்கல. ட்ரேஸ் போட்டா அந்த ஃபங்ஷன் பேருக்கு மேல ஒரு உறை மாட்டும். பேரைக் கேட்டு வர்றவன் எல்லாம் உறையைத் தாண்டித்தான் உள்ள போகணும். ஸ்பீடை ஏத்தி, பிழை தேடுற வசதிக்கான டீபக் அளவைக் கீழ விட்டா, தன்னைத் தானே கூப்பிடுற இடத்துல கம்பைலர் பேரைத் தேடாது, நேரா உடம்புக்குள்ள தாவிடும். உறைக்கு அது எப்படித் தெரியும்? காமன் லிஸ்ப்போட 1994 ஆன்சி தரத்துல 3.2.2.3ஐப் படிங்க, நாட்இன்லைன்னு (பேர் வழியாவே கூப்பிடணும்ங்கற அறிவிப்பு) சொல்லாதவரைக்கும் கம்பைலருக்கு இந்த உரிமை உண்டு. நாட்இன்லைன் போடுங்க, இல்ல டீபக்கை 3 ஆக்குங்க, ஆறும் வரும். பொய்யாம்! பேசுறதுக்கு முன்னாடி படிக்கணும்.

லாஸ்பேட்டை_வாசி:
ஆறுல ஒண்ணைக் காட்டுறதுக்குப் பேர் என்ன? நான் கேட்டது அவ்வளவுதான்.

நெல்லித்தோப்பு_டிராயிங்:
ஆட்டோகேட் வரைபட சாஃப்ட்வேர்ல இருக்கற ஆட்டோலிஸ்ப் மொழியோட ட்ரேஸ் உள்ள போகப் போக வரியைத் தள்ளித் தள்ளி எல்லா அழைப்பையும் காட்டுதே சார். எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல.

மஞ்சக்குப்பம்_பழசு:
நீங்க கோடு போடுற ஆளு, இது காமன் லிஸ்ப். ரெண்டையும் குழப்பாதீங்க.

நெல்லித்தோப்பு_டிராயிங்:
கோடு போடுற ஆளுன்னா இளப்பமா? போன மீட்டப்லயும் இதையே சொல்லித்தான் என்னைப் பேச விடல. கடலூர்க்காரங்களுக்குப் பாண்டியில வந்து உக்காந்தாலே வாத்தியார் நெனப்பு.

மஞ்சக்குப்பம்_பழசு:
ரெண்டு பஸ் மாறி வந்து, லிஸ்ப் எழுதுற கருவி ஸ்லைமைச் சொல்லிக் குடுத்தவன் நான். கன்ட்ரோல் சி (C), கன்ட்ரோல் டி (T) அடிச்சா ட்ரேஸ் ஆன், திரும்ப அடிச்சா ஆஃப்னு காட்டினப்ப லாஸ்பேட்டைத் தம்பி போனைப் பாத்துட்டிருந்தார். இப்ப வந்து பொய்ங்கறார். இன்னொண்ணு, வந்தது ஒரு வரி மட்டும் இல்ல. உள்ள போன வரி ஒண்ணு, 120ன்னு திரும்பி வந்த வரி ஒண்ணு. ரெண்டு.

லாஸ்பேட்டை_வாசி:
நான் வரின்னு சொல்லவே இல்ல, அழைப்புன்னுதான் சொன்னேன். மேல போய்ப் பாருங்க. போனை ஏன் இழுக்கறீங்க? பிரின்ட் ஆறும் காட்டுச்சு, உங்க ட்ரேஸ் ஒண்ணுதான் காட்டுச்சு.

மஞ்சக்குப்பம்_பழசு:
பிரின்ட்டை உள்ள எழுதி, திரும்ப கம்பைல் பண்ணி, வேலை முடிஞ்சதும் ஒவ்வொண்ணா அழிக்கணும். ஒண்ணை மறந்தா கஸ்டமர் திரையில வந்து நிக்கும். ட்ரேஸுக்குப் புரோகிராம் மூலத்துல ஒரு எழுத்தைத் தொட வேணாம், அன்ட்ரேஸ்னா போச்சு. நூறு ஃபங்ஷன் உள்ள புரோகிராம்ல எவனை எவன் கூப்பிட்டான், என்ன மதிப்போட திரும்பினான்னு பாக்க இதைவிட நேர்வழி கிடையாது.

லாஸ்பேட்டை_வாசி:
ஒரு எழுத்தையும் தொட வேணாமா? அப்ப நாட்இன்லைனை எங்க எழுதச் சொன்னீங்க, சுவத்துலயா?

மஞ்சக்குப்பம்_பழசு:
ஸ்பீட் 3ஐப் போட்டது நீங்க. அதை எடுத்துட்டு ஓட்டி முழு வெளியீட்டையும் இங்க ஒட்டுங்க. அதுவரைக்கும் பொய்ங்கற பேச்சை நான் ஏத்துக்க மாட்டேன்.

லாஸ்பேட்டை_வாசி:
எடுக்க மாட்டேன். மீதி அஞ்சு எங்கன்னு ட்ரேஸ்தான் சொல்லணும்.