பக்கூரியில் பாட்டி பிடுங்கிய கிழங்கு

தென் அமெரிக்காவில் இருக்கும் கயானாவில் வேலை பார்த்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் பக்கூரிக்குப் போனேன். மஹைக்கா ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். வரைபடத்தில் செயின்ட் கத்பர்ட்ஸ் மிஷன் என்று போட்டிருக்கும். அது 1889இல் மிஷனரிகள் வைத்த பெயர். ஊர்க்காரர்கள் பெரும்பாலும் லொகோனோ, அதாவது அரவாக் பூர்வகுடி மக்கள். கடைசிப் பகுதி முழுக்க வெள்ளை மணல் பாதை. வண்டி இரண்டு தடவை புதைந்தது, அதை விடுங்கள்.

ஒரு வீட்டின் பின்புறம் மரவள்ளிக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இதை உப்புப் போட்டு அவித்துத் தின்போம் என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்தேன். பாட்டி வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். அது கசப்பு மரவள்ளியாம். சயனைடு நஞ்சு அதிகம், சும்மா அவித்தால் போகாது.

துருவலை மட்டப்பி என்ற நீளமான பின்னல் குழாய்க்குள் அடைத்து உத்தரத்தில் தொங்கவிடுகிறார்கள். கீழ் வளையத்தில் கம்பைச் செருகி அதன்மேல் உட்கார வேண்டும். குழாய் நீள நீள வயிறு ஒட்டி, சாறு பிழிந்து வடிகிறது. என்னையே உட்காரச் சொன்னார் பாட்டி. "நல்ல கனம்தான்" என்று சிரிப்பு வேறு.

பிழிந்த மாவைச் சலித்து ரொட்டி சுடுகிறார்கள். சாற்றைக் கொட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை! நஞ்சு போகும்வரை காய்ச்சிக் கருப்புப் பாகாக்கினால் அதுதான் கசரீப். இறைச்சி, மிளகாயோடு அதைச் சேர்த்தால் பெப்பர்பாட் குழம்பு. தினமும் கொதிக்க வைத்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே நாள்கணக்கில் தாங்கும். மரவள்ளி நம் பக்கம் வந்ததே தென் அமெரிக்காவிலிருந்துதான். அவர்களிடம் போய் நான் சமையல் சொல்லிக்கொடுக்கப் பார்த்திருக்கிறேன்!

* * *

நானும் போயிருக்கிறேன், ஒரு செப்டம்பரில். அங்கே அது பூர்வகுடிகள் பாரம்பரிய மாதம். ஆற்றுத் தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இருந்ததால் சாக்கடை என்று நினைத்து இறங்கவே இல்லை. ஒரு பையன் கையில் அள்ளிக் காட்டினான்: தெளிவாக, லேசான தேநீர் நிறம். காட்டு இலைகள் ஊறிய சாயம்தான். அப்புறம் இருட்டும்வரை நான் கரையேறவில்லை. ஓவியரும் தொல்லியலாளருமான ஜார்ஜ் சைமன் 1947இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அது சரி, மட்டப்பி விலைக்குக் கிடைக்குமா?

* * *

கிடைக்கும். முழங்கை நீளத்தில் ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அதில் பூண்டு போட்டு அடுப்படியில் தொங்கவிட்டிருக்கிறார்.