உள்ளூர் நாணயத்துக்கு மீதியை எதில் கொடுப்பது?

கல்லா_தம்பி:
சின்ன உணவகம் ஒன்றில் கல்லாவில் உட்காருகிறேன். வட்டார நாணயத் திட்டம் ஒன்றில் முதலாளி சேர்ந்துவிட்டார். அதாவது, இந்த வட்டாரத்தில் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் மட்டும் செல்லும் தனி நோட்டு. இப்போது சிலர் பெரிய உள்ளூர் நோட்டை நீட்டுகிறார்கள். பில் அதில் கால்வாசிகூட இருக்காது. மீதியை அரசுப் பணமாகக் கேட்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. கொடுப்பதா, மறுப்பதா?

பழைய_கடைக்காரன்:
கொடுக்காதே தம்பி. கொடுத்தால் உன் கல்லா பணம் மாற்றும் கவுண்டராகிவிடும். ஜெர்மனியின் கீம்காவர் என்ற வட்டார நாணயத்தை எடுத்துக்கொள். 2003-இல் தொடங்கியது. கடைக்காரர் அதை யூரோவாக மாற்றப் போனால் 5 சதவீதம் பிடிப்பார்கள். உன்னிடம் மீதி வாங்குபவருக்கு அந்தப் பிடித்தம் கிடையாது, அது உன் தலையில் விழும். உணவகத்தில் பத்து சதவீத லாபம் என்று வைத்தாலும், மாற்றப் போகிற ஒவ்வொரு நோட்டிலும் பாதி லாபம் காலி.

வட்டாரப்_பற்று:
ஐயா எப்போதும் பாதிக் கணக்குதான் சொல்வார். அந்த 5-இல் 3 சதவீதம் உள்ளூர்ச் சங்கங்களுக்குப் போகிறது, மீதி 2 நிர்வாகச் செலவு. அதைவிட முக்கியம், அந்தப் பிடித்தம் நோட்டை மாற்றுபவருக்குத்தான். செலவழிப்பவருக்கு ஒரு காசு பிடித்தமில்லை. காய்கறிக்காரரிடம் கொடுங்கள், பால்காரரிடம் கொடுங்கள். மாற்றத் தோன்றக் கூடாது என்றுதானே அந்தக் கட்டணமே வைத்தார்கள்?

பழைய_கடைக்காரன்:
காய்கறிக்காரர் வாங்குவார், சரி. கட்டட உரிமையாளர் வாங்குவாரா? கேஸ் சிலிண்டருக்கு? மின்கட்டணத்துக்கு? என் செலவில் பெரும்பகுதி வட்டாரத்துக்கு வெளியேதான் போகிறது.

வட்டாரப்_பற்று:
இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓடிய உள்ளூர் நாணயமான பிரிஸ்டல் பவுண்டில் நகராட்சிக்குக் கட்டவேண்டிய வணிக வரியையே கட்ட முடிந்தது. அந்நாள் மேயர் தன் சம்பளம் முழுவதையும் அதிலேயே வாங்கிக்கொண்டார். வழி திறந்துவிட்டால் பணம் ஓடும்.

பழைய_கடைக்காரன்:
அதே பிரிஸ்டல்தான் என் சாட்சியும். 2012-இல் அமர்க்களமாகத் தொடங்கினார்கள். 2020-இல் டிஜிட்டல் கணக்குகளை மூடினார்கள். 2021-இல் காகித நோட்டும் காலாவதி. கடைசி நாளில் நோட்டு யார் கல்லாவில் தூங்கியதோ, நஷ்டம் அவருக்கு.

இரவுக்_கணக்கு:
இரண்டு பேரும் கொள்கை பேசுகிறீர்கள், தம்பி கேட்டது கல்லாவைப் பற்றி. நான் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கல்லாவில் உள்ளூர் நோட்டுக்குத் தனி அறை வேண்டும். பில் மெஷினில் தனிப் பட்டன் வேண்டும். உள்ளூர் நோட்டைத் தள்ளுபடி என்று பில்லில் போடாதீர்கள். பலர் அப்படித்தான் போடுகிறார்கள், அப்புறம் விற்பனை குறைவாகத் தெரியும், வரிக் கணக்கு இடிக்கும். முழு பில் தொகைதான் விற்பனை, நோட்டு பணம் வந்த வழி மட்டுமே. மாற்றும்போது போகிற கட்டணத்தை வங்கிக் கட்டணம் மாதிரி செலவில் எழுதுங்கள்.

மீதி விஷயம்: முதலில் உள்ளூர் நோட்டில் கொடுங்கள். மிகச் சிறிய உள்ளூர் நோட்டுக்கும் கீழே வரும் சில்லறையை மட்டும் அரசுக் காசாகக் கொடுங்கள். பில்லே சின்னது, நோட்டு பெரியது என்றால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு சொன்னால் சண்டைதான். தென் கொரியாவில் உள்ளாட்சிகள் வெளியிடும் காகித உள்ளூர்ச் சீட்டுக்கு இதற்கென்றே விதி உண்டு. முகமதிப்பில் குறிப்பிட்ட பங்கை, பொதுவாக 60 சதவீதமோ அதற்கு மேலோ, செலவழித்தால்தான் மீதியை ரொக்கமாகக் கேட்க முடியும்.

வட்டாரப்_பற்று:
கொரியாவைச் சொன்னீர்களே, அங்கே பதிவுபெற்ற கடை அந்தச் சீட்டை மறுக்கவும் கூடாது, சீட்டு கொடுத்தவருக்குக் குறைவான மரியாதை காட்டவும் கூடாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய_கடைக்காரன்:
அது சட்டம் போட்டு அரசு பின்னால் நிற்கும் திட்டம். சங்கம் நடத்தும் நோட்டுக்கு அந்தப் பாதுகாப்பு எங்கே? இன்னொன்று, தம்பி. உங்கள் நோட்டு நாளாக நாளாக மதிப்புக் குறையும் வகையா என்று பார். கீம்காவரில் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு 2 சதவீதம் குறைந்தது. கெடு முடியும் வாரத்தில் எல்லாரும் உன் கடைக்குத்தான் வருவார்கள், சாப்பாட்டு ருசிக்காக அல்ல.

வட்டாரப்_பற்று:
வரட்டுமே! விற்பனைதானே? ஆஸ்திரியாவின் வோர்குலில் 1932-இல் மாதத்துக்கு 1 சதவீதம் குறையும் நோட்டை விட்டார்கள். கையில் வைத்திருந்தால் நஷ்டம் என்பதால் மக்கள் சட்டென்று செலவழித்தார்கள். மறு வருடம் அதை நிறுத்தியது நாட்டின் மத்திய வங்கி, கடைக்காரர்கள் அல்ல.

கல்லா_தம்பி:
முதலாளியிடம் கேட்டேன். காய்கறிக்காரரும் ரொட்டிக்காரரும் மட்டும் உள்ளூர் நோட்டு வாங்குகிறார்களாம். அந்த இருவருக்கும் வாரம் கொடுக்கும் தொகை அளவுக்குத்தான் இனி நோட்டு வாங்கலாம் என்கிறார். அதற்கு மேல் வந்தால் பில்லில் பாதி மட்டும் உள்ளூர் நோட்டு.

வட்டாரப்_பற்று:
வார வரம்பு வேண்டாம் தம்பி. திங்கட்கிழமை வாங்கிவிட்டு சனிக்கிழமை மறுத்தால் வாடிக்கையாளருக்கு என்ன புரியும்? எல்லா நாளும் பில்லில் பாதி என்று வைத்துவிடுங்கள். சேர்ந்தபோது கையெழுத்திட்ட படிவம் அதை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய_கடைக்காரன்:
எல்லா நாளும் பாதி, சரி. அதிசயம், இதில் நானும் இவர் கட்சி.

கல்லா_தம்பி:
டிப்ஸ் உள்ளூர் நோட்டாக வந்தால்?

இரவுக்_கணக்கு:
பரிமாறுபவரிடம் கேட்டு, அவர் வேண்டும் என்றால் அப்படியே கொடுங்கள். வேண்டாம் என்றால் கல்லாவிலிருந்து முழு மதிப்புக்கு அரசுப் பணம் கொடுங்கள், மாற்றும் கட்டணத்தைக் கடை ஏற்கட்டும்.