மோர்க்காரரும் சிவப்புக் குள்ளனும்: ஹீரோக்வெஸ்ட் மறுபதிப்பைத் திறந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

இஸ்தோப்புக்காரன், ஹட்டன் பக்கம்

மகளுக்கென்று சொல்லி எனக்காகவே கேட்டுவைத்திருந்த புதிய ஹீரோக்வெஸ்ட் பெட்டி சென்ற வாரம் கனடா மச்சான் கையில் வந்து சேர்ந்தது. ஒருவர் தீய மந்திரவாதியாக இருந்து பூதங்களை நகர்த்த, மற்றவர்கள் வீரர்களாக நின்று சண்டைபோடும் பலகை விளையாட்டு அது. விதிப்புத்தகத்தைப் புரட்டினால், தீய மந்திரவாதியின் பெயர் சார்கன் என்றிருக்கிறது. 1991இல் நான் விளையாடிய பெட்டியில் அவன் மோர்கார். அப்போது எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும் என்பதால், அதை "மோர்க்காரர்" என்றே வாசித்தேன்.

அப்பா எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தார். விடுமுறைக்குக் கண்டியிலிருந்து வந்திருந்த துரையின் மகன், ஒரு மழை நாளில், குசினி வாசலில் குந்தியிருந்த என்னைக் கூப்பிட்டு, விறாந்தையில் பலகையை விரித்து, வீரர்களில் ஒருவனான குள்ளனின் பொம்மையை என் கையில் கொடுத்தார். மோர்க்காரர் என்றதன் பொருளை அரைகுறைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன் பிறகு தம் முறை வரும்போதெல்லாம் "மோர், மோர்" என்று கூவிக்கொண்டேதான் எலும்புக்கூடுகளை நகர்த்தினார். அந்தக் கூவலுக்கு நடுவே ஜீப் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றேன். துரை என்னைத் திட்டவில்லை, பார்க்கவுமில்லை. மூடிய கைக்குள் குள்ளனின் கோடரி குத்திக்கொண்டிருந்தது மட்டும் இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

மறு வருடம், 1992இல், தோட்ட நிர்வாகங்கள் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய கையோடு அந்தக் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது. குள்ளன் என்னிடமே தங்கிவிட்டான். முப்பது வருடத்துக்கு மேலாக எங்கோ ஒரு பெட்டியில் அவனுடைய இடம் வெறுமையாக இருக்கிறது. உங்களுக்கு இந்த மறுபதிப்பு எதைக் கிளப்பிவிட்டது?

மூடுபனி, பதுளை

என்னுடையது அவ்வளவு பழைய கதையல்ல. தபாலில் வந்த என் பெட்டியைச் சோதனைக்காகப் பிரித்த அலுவலர், அட்டைகளையும் பொம்மைகளையும் விட்டுவிட்டு, வெள்ளைச் சண்டைப் பகடை ஒன்றை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று முகங்களில் மண்டையோடு, இரண்டில் வெள்ளைக் கேடயம், ஒன்றில் கறுப்புக் கேடயம். "தங்கச்சி, இது சூதாட்டமா, சூனியமா?" என்று மெதுவாகக் கேட்டார். மண்டையோடு விழுந்தால் அடி, வெள்ளைக் கேடயம் வீரர்களைக் காக்கும், கறுப்புக் கேடயம் பூதங்களைக் காக்கும் என்று நான் விளக்க விளக்க, பின்னால் வரிசையில் நின்ற ஆச்சி ஒருவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அலுவலரோ பகடையை ஒரு முறை உருட்டிப் பார்த்து, மண்டையோடு விழுந்ததும் சட்டென்று பெட்டியை மூடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அவர் எனக்காகப் பயந்தாரா, தமக்காகப் பயந்தாரா என்பது இன்றுவரை தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை பேரன், தலவாக்கலை

முதலில் ஒரு திருத்தம். மோர்காரைச் சார்கன் ஆக்கியது இந்த மறுபதிப்பு அல்ல. ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்து, மில்டன் பிராட்லி, கேம்ஸ் வேர்க்ஷொப் என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1989இல் பிரித்தானியாவில் வெளியிட்டபோதுதான் மோர்கார். 1990இல் வந்த அமெரிக்கப் பதிப்பிலேயே அவன் சார்கன் ஆகிவிட்டான். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2020 செப்டெம்பரில் முன்பணம் திரட்டி, 2021இல் அவலோன் ஹில் பெயரில் கொண்டுவந்தது அந்த அமெரிக்க வழியைத்தான். உண்மையிலேயே காணாமற்போனவை வேறு: ஃபிமிர் என்ற ஒற்றைக்கண் பூதம் போய் அபோமினேஷன் என்ற பூதம் வந்தது, கேயோஸ் வீரர்கள் ட்ரெட் வீரர்கள் ஆனார்கள்.

இரண்டாவதாக, இஸ்தோப்புக்காரரே, அந்தப் பையன் கூப்பிட்டதைப் பெரிய மனதாக நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தனியாக விளையாட முடியாத விளையாட்டு அது. மழை நாளில் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். என்னையும் ஒரு பங்களாவில் அப்படிக் கூப்பிட்டார்கள். நான்கு வீரர்களையும் அவர்களே வைத்துக்கொண்டு, செத்த பூதங்களைப் பொறுக்கிப் பெட்டியில் போடும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். புதிய பதிப்பு கடைக்கு வந்ததும் வாங்கி, நான்கு வீரர்களையும் நானே வைத்து, மந்திரவாதி வேலையை அவர்கள் தரும் இலவசச் செயலியிடம் விட்டுவிட்டு, முதல் பணியை ஒரே இரவில் முடித்தேன். நினைத்த அளவுக்கு நன்றாக இருக்கவில்லை.

அட்டைப்பெட்டி, நுவரெலியா

என் அனுபவம் சிறியது. அண்ணன் பழைய பெட்டியைக் கூரைத் தட்டில் வைத்திருந்தார். ஒரு மாரிக்குப் பிறகு இறக்கிப் பார்த்தால், பலகை மடிப்பில் பிளந்து, விளையாட்டிலிருந்த பிளாஸ்டிக் எலிகளுக்குப் பக்கத்திலேயே நிஜ எலி குட்டி போட்டிருந்தது.

ஆகையால் புதிதாக வாங்கியவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நம் ஊர் ஈரத்தில் அட்டைப் பலகை குடிக்கிற தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியைச் சீமெந்துத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், உட்சுவர் அலுமாரியின் நடுத்தட்டில், நிமிர்த்தாமல் படுக்கையாக வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து உள்ளே போடுங்கள்; நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் புதிதாக மாற்றுங்கள். அட்டைக்கட்டுகளுக்கு ரப்பர் பட்டி போடவே கூடாது. அது உருகி ஒட்டிக்கொண்டால், கிழியாமல் எடுக்க எந்த மந்திரவாதியாலும் முடியாது. நெளிந்த பலகையை அடுப்படியில் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் மேல்தாள் கொப்பளித்து எழும்பும். இரண்டு பக்கமும் உறிஞ்சுதாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு வாரம் பொறுத்திருங்கள். பூஞ்சணம் தெரிந்தால், வெயில் வரும் நாளில் வெளியே கொண்டுபோய் உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள்; ஈரத்துணி படவே கூடாது.

இஸ்தோப்புக்காரன், ஹட்டன் பக்கம்

கணக்கப்பிள்ளை பேரனுக்கு: பெயர் விடயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆள் குறைந்ததால் கூப்பிட்டிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் குள்ளனை அவர் என்னிடம் கொடுத்தது சும்மா அல்ல. கருவிப்பெட்டி இல்லாமலே பொறிகளைக் கழற்றத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்றும், அதனால் எல்லோருக்கும் முன்னால் நடக்க வேண்டியவன் அவனே என்றும் சொல்லித்தான் தந்தார். அவன் இல்லாமல் மற்ற வீரர்கள் 250 பொற்காசு கொடுத்துக் கருவிப்பெட்டி வாங்கியிருக்க வேண்டும். அதுதான் என்னை உறுத்துகிறது.

நேற்றிரவு விளையாடும்போது, மகள் புதிய குள்ளனை ஓரமாக வைத்துவிட்டு, கோடரி முனை தேய்ந்த பழையவனை எடுத்துக்கொண்டாள். மந்திரவாதிக்கு என்ன பெயர் என்று கேட்டாள், மோர்க்காரர் என்றேன்.

அட்டைப்பெட்டி அவர்களுக்கு: அக்கறைக்கு நன்றி. என்னிடம் இருக்கும் குள்ளன் பிளாஸ்டிக்.