வைரஸ் காய்ச்சலும் ரத்தக்குழாயும்: வைட்டமின் சி மாத்திரை காப்பாற்றுமா?

குமரன்_தேனி:
ஃப்ளூ, கோவிட் எல்லாம் நுரையீரலோடு முடிந்துவிடும், மாரடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். சம்பந்தம் நன்றாகவே இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோவில் செய்து 2018இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட 6 மடங்கு இருந்தது. ரத்தக்குழாயின் உள்சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுதான் குழாயைத் தளர்வாக வைத்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தொற்று வந்ததும் வெள்ளணுக்கள் சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவத்தைக் கக்குகின்றன, உள்சுவர் செல்களும் கக்குகின்றன, அது நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து பெராக்சிநைட்ரைட் என்ற, செல்லைக் கெடுக்கும் பொருளாக ஆக்கிவிடுகிறது. அப்புறம் என்ன, குழாய் இறுகும், சுவர் வீங்கும், ரத்தம் உறையும். அதனால்தான் சொல்கிறேன், காய்ச்சல் தொடங்கிய அன்றே, சூப்பராக்சைடோடு வினைபுரிந்து அதை அடக்கும் வைட்டமின் சியை அதிக அளவில் ஆரம்பித்துவிடுங்கள்.

ஆய்வக_மீனா:
குமரன் சார், கடைசி வரி வரை எனக்கும் சம்மதம். அந்தக் கடைசி வரியைத்தான் ஏற்க முடியவில்லை. சோதித்துப் பார்க்காத விஷயமா இது? அமெரிக்காவில் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற கோவிட் நோயாளிகள் 214 பேரை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்டார்கள். தினம் 8000 மில்லிகிராம் வைட்டமின் சி எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் சீக்கிரம் குறைந்ததாகத் தெரியவில்லை. 2022இல் வந்த லோவிட் ஆய்வு இன்னும் மோசம். செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகளே பழுதாகும் நிலை, முற்றி ஐசியுவில் இருந்தவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றினார்கள். இறப்பு அல்லது நீடித்த உறுப்புச் செயலிழப்பு 44.5 சதவீதம், ஏற்றாதவர்களில் 38.5. மருந்துக்கடையில் பட்டை பட்டையாக வாங்கி விழுங்குகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

குமரன்_தேனி:
ஐசியு கணக்கு எதற்கு மேடம்? நான் சொல்வது முதல் நாள், அவர்கள் கொடுத்தது கடைசிக் கட்டத்தில். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். சூப்பராக்சைடைத் தயாரிக்கும் நாக்ஸ்2 நொதியை எலிகளில் அடைத்தபோது ஃப்ளூவால் வந்த நுரையீரல் அழற்சி குறைந்திருக்கிறது. மூலகாரணத்தில் கைவைத்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆய்வக_மீனா:
எலியில் செய்தது தண்ணீர்க் குழாயையே மூடுவது மாதிரி, நீங்கள் சொல்வது கொட்டிய தண்ணீரை வழிப்பது மாதிரி. சூப்பராக்சைடு வைட்டமின் சியோடு வினைபுரிவதைவிட நைட்ரிக் ஆக்சைடோடு பல்லாயிரம் மடங்கு வேகமாக வினைபுரிகிறது. அந்தப் போட்டியில் ஜெயிக்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் வைட்டமின் சி ஏராளமாகக் குவிந்திருக்க வேண்டும். வாய்வழியாக எவ்வளவு விழுங்கினாலும் ரத்தத்தில் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, மிச்சம் சிறுநீரில் போய்விடும். இன்னொன்று, நீங்கள் வில்லனாக்குகிற இந்தச் சூப்பராக்சைடுதான் நம் வெள்ளணுக்களின் ஆயுதம். பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். சீழ்க்கட்டி, பூஞ்சைத் தொற்று என்று திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள். அதைச் சுத்தமாக நிறுத்துவது நல்லதென்று எப்படிச் சொல்வீர்கள்?

செல்வி_செவிலியர்:
மீனாம்மா, குமரன் தம்பி, இரண்டு பேரும் வேதியியலிலேயே நிற்கிறீர்கள். எந்த வைரஸ், எந்த நாள் என்று பார்க்காமல் பேச முடியாது. டெங்குவில் அந்த வைரஸின் என்எஸ்1 புரதமே குழாய்ச் சுவரின் மேல்பூச்சைச் சிதைக்கிறது. காய்ச்சல் இறங்கி, வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் ரத்தத்தின் நீர் கசியும், ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். கோவிடில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெதசோன் என்ன செய்தது என்று பாருங்கள். 2020இல் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. அழற்சியை எப்போது அடக்குகிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

குமரன்_தேனி:
நேரம் முக்கியம் என்றுதானே அக்கா நானும் சொல்கிறேன்! முதல் நாளிலிருந்து, உள்சுவரை அளந்து பார்த்து ஒரு பெரிய ஆய்வு வரட்டும். அதுவரை பலனில்லை என்று அடித்துச் சொல்வதை ஏற்கமாட்டேன்.

ஆய்வக_மீனா:
வரட்டும், படிக்கிறேன். முன்கூட்டியே அணை போட வேண்டும் என்றால் அதற்கு ஃப்ளூ ஊசி இருக்கிறது சார். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு உடனே அந்த ஊசியைப் போட்டுப் பார்த்த ஐஏஎம்ஐ ஆய்வு 2021இல் வந்தது. ஒரு வருடத்தில் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம், போடாதவர்களில் 4.9. இதய நோயாளி இருக்கிற வீட்டில் மாத்திரைக்குச் செலவழிக்கிற காசை இதற்குச் செலவழியுங்கள்.

செல்வி_செவிலியர்:
சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த 'அதிக அளவு' வைட்டமின் சி பக்கமே போகாதீர்கள், கல்லாகப் படியும் ஆக்சலேட் சிறுநீரில் கூடும். காய்ச்சல் விட்ட வாரத்தில் நெஞ்சை அழுத்தினால், கை வலித்தால், வாயு என்று நினைத்து வீட்டில் உட்காராமல் அன்றே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.