புறாமலையின் முருகைக்கற்களுக்குச் சேதம் விளைவிக்காமல் பார்ப்பது எப்படி?

கேள்வி (பயணி):
வணக்கம். ஓகஸ்ட் மாதம் மனைவியுடனும் பன்னிரண்டு வயது மகளுடனும் திருகோணமலைக்கு வருகிறேன். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைத் தீவுக்குப் போக வேண்டுமென்று மகள் மிகவும் ஆசைப்படுகிறாள். எனக்கு ஸ்கூபா, அதாவது காற்றுக்கலனுடன் நீருக்கடியில் நீந்தும் பயிற்சி உண்டு. அவர்கள் இருவருக்கும் நீச்சல் அவ்வளவாகத் தெரியாது. முன்பொரு முறை வேறொரு கடற்கரையில், முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் ஏறி நின்று சிலர் படம் எடுத்ததைக் கண்டு மனம் நொந்தேன். அத்தகைய தவறு எங்களால் நேராதிருக்க என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (நிலாவெளிவாசி):
ஐயா, நல்ல காலத்தில்தான் வருகிறீர்கள். மே முதல் செப்ரெம்பர் வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் நீர் கலங்கிவிடும். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் என்பதால், வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டைப் பெற்ற பிறகே படகேற வேண்டும். கூட்டம் சேரும் முன்னர், காலையிலேயே போய்விடுங்கள். தீவின் ஓரத்தில் ஆழம் குறைந்த நீரிலேயே முருகை தொடங்கிவிடுவதால், நீச்சல் தெரியாதவர் பயந்த கணத்தில் காலை ஊன்றி, உயிருள்ள முருகையையே மிதித்துவிடுகிறார். உயிர்காப்பு அங்கி அணிந்தால் உடல் தானாக மிதக்கும். காலை ஊன்றவேண்டிய தேவையே வராது. உங்கள் வீட்டார் இருவரும் அதைக் கழற்றவே வேண்டாம்.

மறுமொழி (சுழியோடி):
மேற்கண்டதை முழுமையாக ஆமோதிக்கிறேன். புதியவர்களுக்குக் கால் துடுப்பும் வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் எதை உதைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கிளைவிடும் முருகை ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றரே வளரும், உருண்டைப் பாறையாக வளர்பவை அதனினும் மெதுவாகவே பருக்கும். ஓர் உதையில் முறிவது பல ஆண்டுகளின் வளர்ச்சி. வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீண்ட கைச் சட்டை நல்லது, ஏனெனில் களிம்புகளிலுள்ள சில வேதிப்பொருட்கள் முருகைக்குத் தீங்கானவை. நீங்கள் ஸ்கூபா செய்வதானால் முருகைக்கு அருகே போகுமுன், மேலெழாமலும் அமிழாமலும் நிற்கும்படி மிதப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். தொங்கும் அளவிகளை (காற்றின் அளவையும் ஆழத்தையும் காட்டும் கருவிகளை) உடலோடு இறுக்கிக் கட்டுங்கள். செட்டையின் நுனி கறுத்த சுறாக்கள் அங்கே உண்டு. அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகும் இயல்புடையவை. துரத்தாமல் அசையாது மிதந்தால் அருகிலேயே காணலாம்.

பயணி:
இருவருக்கும் மிக்க நன்றி. புறப்படுவதற்கு இன்னும் ஆறு வாரங்கள் இருப்பதால், முகமூடியும் அங்கியும் அணிந்து காலை ஊன்றாமல் மிதப்பதற்கு மகளையும் மனைவியையும் இங்குள்ள நீச்சற்குளத்தில் பழக்கப் போகிறேன். அதற்குள் மகளுக்கு அது கைவராவிட்டால், அவளைத் தீவின் மணலில் இருந்தபடியே கடலைப் பார்க்கச் சொல்வேன்.